யானையும் சாம்பல், கொக்கும் சாம்பல்! உங்கள் கேமரா செய்யும் வேலை தெரியுமா?

கன்னங்கரேலென்று ஒரு யானை. வெள்ளைவெளேரென்று ஒரு கொக்கு. இரண்டையும் தனித்தனியாக, ஃப்ரேம் முழுக்க நிறையும்படி படம் எடுங்கள். கேமரா சொல்லும் வெளிச்ச அளவை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். என்ன வரும் தெரியுமா? யானையும் சாம்பல், கொக்கும் சாம்பல்! புத்திசாலி கேமராக்கள் சில சமயம் தப்பிக்கும். ஆனால் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் அளக்கும் 'ஸ்பாட்' முறையில் வைத்துப் பாருங்கள், எத்தனை லட்ச ரூபாய் கேமராவும் மாட்டிக்கொள்ளும்!

ஏன் இப்படி? கேமராவுக்குள் இருக்கும் லைட் மீட்டருக்கு யானை என்றால் என்னவென்றே தெரியாது! கறுப்பு தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும். "எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல்" என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கறுப்பைக் கண்டால் வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளையைக் கண்டால் குறைக்கும். முடிந்தது கதை!

அந்த நடுத்தரச் சாம்பல் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தெரியுமா? நூற்றுக்கு 50 என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! வெறும் 18! விழுகிற வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஓர் அட்டையைக் காட்டினால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதி என்று நம் கண் சத்தியம் செய்யும்! கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் பார்ப்பதில்லை, மடங்குக் கணக்கில் பார்க்கிறது. அதனால் வந்த வினை இது. ஸ்டுடியோக்காரர்கள் பையில் வைத்திருக்கும் 'கிரே கார்டு' இந்த 18 சதவீத அட்டைதான்!

இந்த மீட்டரை ஏமாற்றுவதற்கென்றே ஒரு நிலப்பரப்பை உண்டாக்கினால் எப்படி இருக்கும்? உண்டாக்கவே வேண்டாம், பக்கத்திலேயே இருக்கிறது! வாளையாறு தொடங்கி, கோவிந்தாபுரம், பரம்பிக்குளம், சின்னாறு, மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி வரை தமிழ்நாட்டின் ஓரமாகவே நீளும் பாலக்காடு, இடுக்கி எல்லை! கறுப்பு யானை, வெள்ளைக் கொக்கு, பனிமூட்டம், உறைபனி, இருண்ட சோலை, விளக்கொளியில் மின்னும் கூத்துத் திரை... மீட்டர் தடுமாறும் அத்தனையும் இங்கே வரிசை கட்டி நிற்கின்றன!

ஒரே வேலைக்கு எத்தனை பெயர்!

நிக்கான் கேமராவில் 'மேட்ரிக்ஸ்'. கேனானில் 'எவாலுவேட்டிவ்'. சோனியிலும் ஃபியூஜியிலும் 'மல்டி'. ஒலிம்பஸில் 'இ.எஸ்.பி.'. எல்லாமே ஒரே சங்கதிதான் தெரியுமா? முழுக் காட்சியையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, "இது கடற்கரை மாதிரி இருக்கிறதே, இது மாலைச் சூரியன் மாதிரி இருக்கிறதே" என்று ஊகித்து ஒரு முடிவுக்கு வருவது! மீதி முறைகள் எல்லாம் வெளிச்சத்தை அளக்கின்றன. இது ஒன்றுதான் ஊகிக்கவும் செய்கிறது!

எத்தனை கட்டம் தெரியுமா? 1983-இல் வந்த நிக்கான் எஃப்.ஏ. கேமராவில் 5. உலகில் முதன்முதலாகக் கட்டம் பிரித்து அளந்த கேமரா அதுதான்! 1987-இல் கேனான் இ.ஓ.எஸ். 650-இல் 6. 1996-இல் நிக்கான் எஃப்5 என்ன செய்தது தெரியுமா? ஒரே பாய்ச்சலில் 1,005 புள்ளிகள், அதுவும் வண்ணத்தைப் பிரித்தறியும் புள்ளிகள்! அதன் மூளைக்குள் 30,000-க்கும் மேற்பட்ட புகைப்படக் காட்சிகளின் கணக்கு வேறு! எஃப்5 ஒரு ஃபிலிம் கேமரா என்பதை மறந்துவிடாதீர்கள். ஃபிலிமுக்கு வண்ணம் தெரியும், சரி. மீட்டருக்கும் வண்ணம் தெரிந்தது அப்போதுதான்!

1983: இரண்டு கட்சி!

இந்தியா உலகக் கோப்பை வென்ற அதே ஆண்டில் கேமரா உலகத்தில் ஒரு பெரிய போட்டி நடந்தது தெரியுமா? நிக்கான் எஃப்.ஏ. வந்து, "நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றது. அதே 1983-இல் ஒலிம்பஸ் ஓ.எம்.4 வந்து நேர் எதிராகப் பேசியது! "காட்சியில் எட்டு இடம் வரைக்கும் நீங்களே தொட்டுக் காட்டுங்கள், நான் சராசரி போட்டுத் தருகிறேன்" என்றது. எட்டு ஸ்பாட்! அதோடு நிற்கவில்லை. "இது வெள்ளை", "இது கறுப்பு" என்று மீட்டருக்கே சொல்லிக் கொடுக்க இரண்டு பொத்தான்களும் வைத்தார்கள்! நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று சந்தையில் நிக்கான் கட்சிதான் ஜெயித்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பொத்தான்கள் எத்தனை அருமையான யோசனை!

13 சதவீத இடத்துக்கு 75 சதவீத ஓட்டு!

'சென்ட்டர் வெயிட்டட்' முறையைத் தொட்டே பார்த்திருக்க மாட்டீர்கள், அப்படித்தானே? பழசு என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள். உள்ளே நடக்கும் அநியாயம் தெரியுமா? நிக்கான் முழு ஃப்ரேம் கேமராக்களில் நடுவே 12 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம். மொத்தப் பரப்பில் அது சுமார் 13 சதவீதம்தான்! முடிவில் அதன் பங்கு 75 சதவீதம்! மீதியுள்ள 87 சதவீத இடம் எல்லாம் சேர்ந்து நாலில் ஒரு பங்குதான்!

அநியாயமாகத் தெரிந்தாலும் இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. மேட்ரிக்ஸ் எப்போது என்ன நினைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதுவோ எப்போதும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். எங்கே தவறும், எவ்வளவு தவறும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தேயிலைத் தோட்டத்து நடைபாதையில் ஆள் நடுவில் நிற்கும் படத்துக்கு இதைவிட நம்பகமான முறை இல்லை!

ஸ்பாட்: 4 மி.மீ. உலகம்!

ஸ்பாட் முறை எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது தெரியுமா? அதே நிக்கான் முழு ஃப்ரேமில் 4 மி.மீ. வட்டம். மொத்தப் பரப்பில் 1.5 சதவீதம்! மீதி 98.5 சதவீதத்தில் எரிமலையே வெடித்தாலும் அதற்குக் கவலை இல்லை!

இன்னொரு ரகசியம். நிக்கானில் நீங்கள் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தினால் ஸ்பாட் வட்டமும் கூடவே போகும். கேனானின் பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில்? நகராது! ஃபோகஸ் ஓரத்துக் கொக்கின் மேல் இருக்கும், ஸ்பாட் மட்டும் நட்டநடுவில் வயலை அளந்துகொண்டிருக்கும்! மிக விலை உயர்ந்த '1டி' வரிசையில்தான் இரண்டையும் இணைக்கும் வசதி தந்தார்கள். எத்தனை பேர் இது தெரியாமலே "ஸ்பாட் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ!

இதைவிட விசித்திரம் வேண்டுமா? 1964-இல் பென்டாக்ஸ் 'ஸ்பாட்மேட்டிக்' என்றொரு கேமரா வந்தது. உலகப் புகழ் பெற்றது. பெயரிலேயே ஸ்பாட் இருக்கிறதே, ஸ்பாட் அளவிதானே? இல்லை! 1960-இல் காட்டிய மாதிரியில் ஸ்பாட் இருந்தது. விற்பனைக்கு வந்தபோது முழுக் காட்சியையும் சராசரி பார்க்கும் மீட்டரை வைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது!

நென்மாறையில் தங்கமும் கறுப்பும்!

பாலக்காடு மாவட்டத்து நென்மாறை–வல்லங்கி வேலா பார்த்திருக்கிறீர்களா? ஏப்ரல் தொடக்கத்தில் நடக்கும். வரிசையாக யானைகள். நெற்றியில் தகதகக்கும் தங்கநிற நெற்றிப்பட்டம். மேலே வண்ணக் குடைகள், வெண்சாமரம். எல்லாவற்றின் மேலும் பாலக்காட்டுக் கோடை வெயில்! ஒரே ஃப்ரேமில் கறுப்பு, வெள்ளை, மின்னும் உலோகம். மீட்டர் என்ன செய்யும், பாவம்!

யானை உடம்பைப் பார்த்து அளந்தால் யானை சாம்பலாகும், நெற்றிப்பட்டம் வெளுத்துப்போகும். நெற்றிப்பட்டத்தைப் பார்த்து அளந்தால் யானையே காணாமல் போகும்! இதற்கென்றே ஒரு புதிய முறை வந்தது தெரியுமா? 2014-இல் நிக்கான் டி810-இல் அறிமுகமான 'ஹைலைட்' முறை! காட்சியிலேயே மிகப் பிரகாசமான இடத்தைத் தேடிப் பிடித்து, "இது வெளுத்துவிடக் கூடாது" என்று காவல் நிற்கும். மற்றதெல்லாம் இருட்டானாலும் பரவாயில்லை. ஏன் தெரியுமா? டிஜிட்டலில் இருட்டை ஓரளவு மீட்டுவிடலாம். வெளுத்த இடத்தில் மீட்பதற்கு எதுவுமே இருக்காது! பழைய நெகட்டிவ் ஃபிலிமில் இது அப்படியே தலைகீழ். அங்கே கொஞ்சம் 'ஓவர்' ஆனால் தாங்கும், 'அண்டர்' ஆனால்தான் ஆபத்து! ஃபிலிமில் கை பழகியவர்கள் டிஜிட்டலுக்கு வந்தபோது திணறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரவில் வாணவேடிக்கை தொடங்கிவிட்டதா? எந்த மீட்டரிங் முறையையும் நம்பாதீர்கள்! மீட்டர் அளக்கும் நேரத்தில் வானம் இருட்டு, படம் பதியும் நேரத்தில் நெருப்பு! மேனுவலுக்குப் போய்விடுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 அல்லது 11, இரண்டு மூன்று விநாடி, ட்ரைபாட். அவ்வளவுதான்!

வரையாட்டின் முதுகில் ஒரு பரீட்சை!

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. அது மிக அதிக எண்ணிக்கையில் கூட்டமாக வாழும் இடம் எது தெரியுமா? எல்லைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் தேசியப் பூங்கா! 97 சதுர கி.மீ. பரப்பு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடியும் அங்கேதான்!

வளர்ந்த கிடாவைப் பாருங்கள். உடம்பு கரும்பழுப்பு. முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல வெள்ளி நிறத் திட்டு! ஸ்பாட் வட்டம் கழுத்தில் விழுந்தால் ஓர் அளவு, ஒரு சாண் தள்ளி முதுகில் விழுந்தால் வேறோர் அளவு! ஒரே ஆடு, ஒரே வெயில், இரண்டு வேறு படங்கள்! கேனான் எவாலுவேட்டிவ் முறையிலும் இந்த வம்பு உண்டு. ஃபோகஸ் புள்ளி இருக்கும் இடத்துக்கு அது கூடுதல் மதிப்பு கொடுக்கும். ஃபோகஸ் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினாலே எக்ஸ்போஷர் மாறிவிடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சைலன்ட் வேலியின் சிங்கவால் குரங்கு இன்னும் மோசமான பரீட்சை! கறுப்பு முகம், சுற்றிலும் வெள்ளி நிறப் பிடரி, பின்னால் இலை இடுக்கில் கண்ணைக் குத்தும் வானம்! பரம்பிக்குளம், நெல்லியாம்பதிப் பக்கம் பறக்கும் மலை இருவாச்சியோ, கறுப்பு இறக்கை, வெள்ளைப் பட்டை, மஞ்சள் அலகு என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டே பறக்கிறது!

60 கிலோமீட்டரில் இரண்டு உலகம்!

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைச் சாலையில் சின்னாறு வரை சுமார் 60 கி.மீ. ஒரு முனையில் மழையும் மூட்டமும். மறுமுனையில்? மழைமறைவுப் பகுதி, முட்காடு! சின்னாறில் ஆண்டுக்குச் சுமார் 48 நாள்தான் மழை! ஒரே நாளில், ஒரே பஸ்ஸில், மீட்டர் சந்திக்கும் இரண்டு நேர் எதிர் உலகங்கள்!

வெளிச்சத்தை அளக்க 'இ.வி.' என்றோர் எண் இருப்பது தெரியுமா? ஐ.எஸ்.ஓ. 100-இல் பட்டப்பகல் வெயில் இ.வி. 15. ஒவ்வோர் எண் கூடும்போதும் வெளிச்சம் இரட்டிப்பு! அடர்ந்த சோலைக்குள் இ.வி. 7 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் வெறும் 8. ஆனால் வெளிச்சத்தில்? 256 மடங்கு! சோலையிலிருந்து வெளியே நாலடி வைத்ததும் 256 மடங்கு! நம் கண் அதைச் சின்னக் கூச்சத்தோடு சமாளித்துவிடுகிறதே, அதுதான் பெரிய அதிசயம்.

நிக்கான் டி850-இன் மேட்ரிக்ஸ் அளவி எதுவரை தாங்கும் தெரியுமா? இ.வி. மைனஸ் 3-இலிருந்து 20 வரை! அதாவது அதிகபட்ச வெளிச்சம், குறைந்தபட்சத்தைப்போல 83,88,608 மடங்கு! எண்பத்து மூன்று லட்சத்துக்கும் மேலே! ஆனால் அதே கேமராவில் ஸ்பாட் இ.வி. 2-க்குக் கீழே வேலை செய்வதாக உத்தரவாதம் இல்லை. இருட்டில் ஸ்பாட்டைவிட மேட்ரிக்ஸ் கூர்மையானது! பலரும் நினைத்திருப்பதற்கு நேர் எதிர்!

ஜனவரியில் மூணாறுத் தோட்டங்களில் புல் மேல் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்குமே, அதை எடுத்தவர்களின் படங்களைப் பாருங்கள். பாதிப் படங்களில் பனி அழுக்குச் சாம்பலாக இருக்கும்! தீர்வு ஒரு பொத்தானில் இருக்கிறது தெரியுமா? பிளஸ்-மைனஸ் போட்ட எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்! உறைபனிக்கும் கொக்குக்கும் பிளஸ் 1-இலிருந்து 2 வரை. மூடுபனிக்கு பிளஸ் 1. யானைக்கு மைனஸ்! வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை. முதல் தடவை கேட்கும்போது தலைகீழாகத்தான் தோன்றும்!

கிரே கார்டு கையில் இல்லையா? கையே போதும்! உள்ளங்கையை வெளிச்சத்தில் காட்டி ஸ்பாட்டில் அளந்து, ஒரு ஸ்டாப், அதாவது ஒரு இரட்டிப்பு, கூட்டுங்கள். பெரும்பாலும் சரியாக வரும்! பாலக்காட்டு நெல்வயல் இன்னும் வசதி. வெயில் விழும் பச்சைப் பயிர் ஏறத்தாழ நடுத்தரச் சாம்பலுக்குச் சமம்! கொக்கை எடுக்க வயலை அளந்தால் போதும், கொக்கு தானாகவே வெள்ளையாக வரும்!

சாலை ஒரு மாநிலம், இடம் ஒரு மாநிலம்!

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில், தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜீப் போகும் வழி? இடுக்கியின் சூரியநெல்லி வழியாக! பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில், கேரளாவில் இருக்கிறது. சாலை? பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக! இப்படியொரு கொடுக்கல் வாங்கலை வேறெங்கே பார்ப்பீர்கள்!

கொழுக்குமலையில் காலடியில் மேகக் கடல், எதிரே உதயச் சூரியன். உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. இங்கே சூரியனை ஃப்ரேமுக்குள் வைத்து சராசரி பார்த்தால் மேகம் மொத்தமும் கறுத்துவிடும்! சூரியனுக்குப் பக்கவாட்டில் உள்ள வானத்தை அளந்து, அளவைப் பூட்டிவிட்டு, பிறகு ஃப்ரேமைத் திருப்புங்கள். ஒன்று மட்டும் மிக முக்கியம்: ஏறிவிட்ட சூரியனை டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டரில் கண் வைத்துப் பார்க்கவே கூடாது! லென்ஸ் வழியாக வரும் சூரியன் கண்ணைக் கெடுத்துவிடும்.

தேக்கடி ஏரியில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களுக்கு எத்தனை வயது தெரியுமா? 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்து நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம்! நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றன! விடியற்காலை மூட்டத்தில், அந்த மரம் ஒன்றின் மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்தால், பின்னாலுள்ள வெண்மூட்டத்தை அளந்து பிளஸ் 1 வையுங்கள். மரமும் பறவையும் மையில் வரைந்த கோடாக விழும்!

21 விளக்கு, கம்பன், ஒரு திரை!

பாலக்காட்டுப் பகுதியின் பத்ரகாளி கோயில்களில் இரவு முழுக்கக் கம்பராமாயணம் நடக்கிறது தெரியுமா? ஆம், தமிழ்க் கம்பன்! பாரதப்புழைக் கரையோரத்து தோல்பாவைக்கூத்து! பொம்மலாட்டம் நடத்துபவர்களுக்குப் பெயரே 'புலவர்'! கம்பனின் தமிழ்ப் பாடல்களைச் சொல்லி, மலையாளம் கலந்து விளக்கம் சொல்கிறார்கள். 2021-இல் ராமச்சந்திர புலவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கலைக்காகத்தான்!

யாருக்காக நடக்கிறது தெரியுமா? காளிக்காக! தாரிகாசுரனோடு போர் செய்துகொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காளியால் பார்க்க முடியவில்லையாம். அவள் குறை தீர ஆண்டுதோறும் நடத்திக் காட்ட வேண்டும் என்று சிவன் சொன்னதாக ஐதீகம். கீழே ஒரு மனிதர்கூட உட்கார்ந்திருக்கவில்லை என்றாலும் கூத்து நிற்காது!

இனி வெளிச்சத்துக்கு வருவோம். 'கூத்துமாடம்' என்ற மேடை 42 அடி நீளம். குறுக்கே துணித்திரை. திரைக்குப் பின்னால் பாதித் தேங்காய் மூடிகளில் 21 எண்ணெய் விளக்குகள்! இருபத்தொன்று! மான் தோலில் துளையிட்டுச் செய்த பாவைகள் அந்த வெளிச்சத்துக்கும் திரைக்கும் இடையே அசைகின்றன. ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தொரு இரவு, சில இடங்களில் அதற்கும் மேல்!

இதை அளப்பது எப்படி? யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் கும்மிருட்டு. நடுவில் நீளமான ஒளிப்பட்டை. அதன் மேல் கறுப்பு நிழல். மேட்ரிக்ஸ் சுற்றியுள்ள இருட்டைக் கண்டு பதறி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரை வெளுத்துவிடும், பாவையின் துளைகளுக்குள் நடக்கும் நுணுக்கம் எல்லாம் போய்விடும்! ஸ்பாட்டை எடுத்துப் பாவை மேல் வைத்தால்? இன்னும் மோசம், ராவணனே சாம்பலாகிவிடுவான்! வைக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: பாவை இல்லாத வெற்றுத் திரை! அங்கே அளந்து, பிளஸ் 1 கொடுத்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். சுடர் ஆடினாலும் அளவு ஆடாது. பாவை கறுப்பாக, திரை பொன்னிறமாக, துளைகள் ஒவ்வொன்றும் ஒளிப்புள்ளியாக! ஃபிளாஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். திரையில் ஃபிளாஷ் அடித்தால் நிழலும் கிடையாது, கூத்தும் கிடையாது. புலவருக்கும் அது தொல்லை, பார்க்க வந்தவர்களுக்கும் தொல்லை.

ஒளிக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு காவியத்தையே நிறுத்திக்காட்டிய இந்தக் கலைஞர்களுக்கு எந்த லைட் மீட்டர் இருந்தது? விளக்கின் எண்ணிக்கையும், திரையிலிருந்து அதன் தூரமும்தான் அவர்கள் கையில் இருந்த கணக்கு!

நிலா ஒரு கரிய கல்!

பௌர்ணமி நிலா பளீரென்று வெள்ளையாகத் தெரிகிறதே, உண்மையில் அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது தெரியுமா? சுமார் 12 சதவீதம்தான்! நடுத்தரச் சாம்பலைவிடக் கறுப்பு! சூரியன் அதைவிட 4 லட்சம் மடங்கு பிரகாசம்!

நிலாவை ஸ்பாட்டில் அளந்தால் சரியாக வருமா? லென்ஸைப் பொறுத்தது! 400 மி.மீ. லென்ஸில் நிலாவின் பிம்பம் 3.7 மி.மீ. அளவில் விழும். 4 மி.மீ. ஸ்பாட் வட்டத்துக்குள் கனகச்சிதம்! 50 மி.மீ. லென்ஸில்? அரை மி.மீ.கூட இல்லை! ஸ்பாட் வட்டத்தில் அது நூற்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, மிச்சமெல்லாம் கறுப்பு வானம். ஸ்பாட்டே ஏமாந்துபோகும்!

அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவில் என்ன செய்தார் தெரியுமா? ஹெர்னான்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுகிறது. கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். அந்த நேரம் பார்த்து லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை! நிலாவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குள் வெயில் போய்விட்டது! அந்த ஒற்றை நெகட்டிவ்தான் உலகின் மிகப் புகழ்பெற்ற நிலப்பரப்புப் படங்களில் ஒன்று!

கடலடிக் கம்பியில் பிறந்த மீட்டர்!

லைட் மீட்டரின் பாட்டி யார் தெரியுமா? தந்திக் கம்பி! 1873-இல் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க செலினியம் கட்டைகளைப் பயன்படுத்தினார். அளவு ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி! துருவிப் பார்த்தால், வெளிச்சம் படும்போது செலினியத்தில் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது! வெளிச்சத்தை மின்சாரத்தால் அளக்கலாம் என்ற வழி அங்கே திறந்தது.

1938-இல் கோடாக் ஒரு கேமரா கொண்டுவந்தது. பெயர் சூப்பர் சிக்ஸ்-20. தானாகவே எக்ஸ்போஷர் வைத்துக்கொள்ளும் உலகின் முதல் கேமரா! எத்தனை விற்றது தெரியுமா? மொத்தமாகச் செய்ததே சுமார் 700தான்! அத்தனை விலை!

சினிமா ஒளிப்பதிவாளர்கள் கழுத்தில் வெள்ளை அரைக்கோளம் வைத்த ஒரு கருவி தொங்குமே, அதை எந்த யானையாலும் கொக்காலும் ஏமாற்ற முடியாது தெரியுமா? அது பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. பொருளின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கிறது! கறுப்பு மேல் விழுந்தாலும் வெள்ளை மேல் விழுந்தாலும் வெயில் வெயில்தானே!

மீட்டரே இல்லாமல் எடுக்க முடியுமா? தாராளமாக! நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் நூற்றில் ஒரு விநாடி. மறையூர் முனியறைகள் என்னும் கல்திட்டைகளின் பலகைகளுக்கு மேலே உச்சி வெயிலில் இதை வைத்துப் பாருங்கள், அப்படியே வரும்!

செல்போனில் முகத்தைத் தொட்டால் படம் சட்டென்று வெளிச்சமாகிறதே, அது என்ன? நீங்கள் ஸ்பாட் பாணியில் அளக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்! விரலை அப்படியே அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் இழுத்தால்? அதுதான் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்!

இரண்டு குறிஞ்சிக்கு நடுவே!

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். இரவிகுளத்திலும், வட்டவடைப் பக்கத்துக் குறிஞ்சிமலை சரணாலயத்திலும் 2006-இல் பூத்தது. அப்போது நல்ல நிக்கான் டிஜிட்டல் கேமராவின் அளவியில் எத்தனை புள்ளி தெரியுமா? 1,005. அடுத்து 2018-இல் பூத்தபோது டி850-இல்? 1,80,000! ஒரு பூவுக்கும் மறு பூவுக்கும் நடுவில் 179 மடங்கு!

இன்னும் கேளுங்கள். 2018-இல் அந்தப் பூக்காலத்திலேயே, ஆகஸ்ட் கடைசியில் நிக்கானும், செப்டம்பர் தொடக்கத்தில் கேனானும் தங்கள் முதல் முழு ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராக்களை அறிவித்தன! மிரர்லெஸ்ஸில் தனி அளவியே கிடையாது தெரியுமா? படம் பதிக்கும் சென்சாரே வெளிச்சத்தையும் அளந்துவிடுகிறது! அந்த ஆண்டு பெருமழையும் வெள்ளமும் மலையைப் புரட்டிப்போட்டதில் பூ பார்க்கப் போக முடியாமல் போனவர்கள் ஏராளம்.

அடுத்த குறிஞ்சி 2030! இப்போதே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீலமும் ஊதாவும் கலந்த பூக்களில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிறம் மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும்! மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகவே கேமரா காட்டும், ஆனால் இதழின் நுணுக்கம் போயிருக்கும்! எனவே வெறும் வெள்ளை ஹிஸ்டோகிராமைப் பார்க்காதீர்கள். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைத் திறந்து, நீல வரைபடம் வலது ஓரத்தில் முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். இன்னும் முட்டினால் இன்னொரு மூன்றில் ஒன்று!